தலைவர் அநுபவத்தால் தேர்ச்சி பெறுதல்

ஒரு கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் செழிப்பதும் நலிவதும் அதன் மூலதனத்தைக் காட்டிலும் அதன் பஞ்சாயத்தாரையே பெரிதும் பொறுத்திருக்கின்றன என்பது இவ்வியக்கத்தை அறிந்தோர் யாவரும் ஒப்புக்கொண்ட விஷயம். உபவிதிகள் எல்லாச் சங்கங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வட்டி விகிதத்திலும் பெரிய வேற்றுமை இராது. அப்படியிருந்தும் ஓர் ஊரில் சங்கம் முப்பது வருஷம் நிலைத்து நிற்க, இரண்டு மைல் தூரத்திலுள்ள மற்றோர் ஊரில் ஐந்தாறு வருஷங்களுக்குள் வாய்தா தவறிய கடன்கள் பெருகிச் சங்கம் கலைக்கப்படுவதைக் காணலாம். காரணம் கேட்டால், "அங்கே நல்ல தலைவர் வாய்த்தார், இங்கே வாய்க்கவில்லை" என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நல்ல தலைவர் மழையைப்போல் தாமே வந்து வாய்ப்பவர் என்ற எண்ணம் இவ்விடையில் அடங்கியிருக்கிறது.

வேறு சிலர், பதவியில் நெடுங்காலம் இருந்தாலே தேர்ச்சி வந்துவிடும் என்று கருதுகின்றனர். செக்கு மாடு நாள்தோறும் காத தூரம் நடக்கிறது. ஆயினும் ஊர் எல்லையை அது கண்டதில்லை. இருபது வருஷம் காரியதரிசியாக இருந்தும், முதல் வருஷத்தில் செய்த தவற்றையே இருபதாம் வருஷத்திலும் செய்வோர் உண்டு. நடந்ததை ஆற அமர எண்ணி, எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் பலிக்கவில்லை என்று ஆராய்ந்து, மிகவும் பிரியமான கொள்கையாயிருப்பினும் அது பொய்த்தபோது மாற்றிக்கொள்ளத் துணிபவருக்கே நடந்த காரியம் அநுபவமாகிறது. கிராமக் கடன் சங்கத்தை உலகுக்கு அளித்த ரெய்பீஸன் என்பாரின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும். கூட்டுறவுப் பயிற்சி வகுப்புகளில் அவர் பெயர் சொல்லப்படுவதுண்டு. அவர் முதலிற் கொண்ட கொள்கை பிழையாயிற்று என்பதும், அதைத் திருத்திக்கொள்ள அவருக்கு ஏறக்குறையப் பதினெட்டு வருஷங்கள் பிடித்தன என்பதும் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

பிரெடரிக் வில்ஹெல்ம் ரெய்பீஸன் 1818-ம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ந் தேதி ஜெர்மனியில் ஹாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெரிய குடும்பம், சிறிய வருமானம். ஊர்ப் பள்ளிப் படிப்போடு ஊர்ப் பாதிரியார் கற்பித்த பாடங்களே அவருக்குக் கிடைத்த கல்வி. கல்லூரியை அவர் கண்டதில்லை. பதினேழாம் வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண் நோய் கண்டு, 1843-ம் வருஷத்தில் படையை விட்டு விலகி, பிரஷிய சர்க்காரின் சிவில் உத்தியோகத்திற்கு வந்தார். 1845-ல் வையர்புஷ் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட கிராமத் தொகுதிக்கு மேயராக நியமிக்கப்பட்டார். மண் வளமற்ற மலைப்பாங்கான பிரதேசம் அது. குடிகள் சிறு நிலக்காரர்; பெரும்பாலோர் கடன்காரர்.

அடுத்த வருஷமே விளைச்சல் பொய்த்தது. 1846-47-ம் வருஷக் குளிர்காலத்தில் பஞ்சம் கடுமையாயிற்று. சர்க்கார் தங்கள் களஞ்சியத்திலிருந்து மாவு அனுப்பினர். ஆனால் ரொக்கத்துக்கு மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. ரொக்கம் வைத்திருப்பவனுக்குப் பஞ்சம் ஏது? ரெய்பீஸன் அவ்வுத்தரவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஏழைகளுக்குக் கடன் சீட்டின் பேரில் மாவைக் கொடுத்தார். (இது எல்லா உத்தியோகஸ்தர்களும் பின்பற்றத்தக்க முறையென்று சொல்வதற்கில்லை.) பிறகு ஊரிலுள்ள வசதியுள்ளவர்களைக் கூட்டி ஒரு ரொட்டிச் சங்கம் அமைத்தார். அவர்கள் பணம் போட்டுத் தானியம் வாங்கினர்; பொது அடுப்பு ஒன்று கட்டப்பட்டது; கடை விலைக்கு மிகவும் குறைந்த விலையில் ரொட்டி சுட்டு வழங்கப்பட்டது. விதைக்கும் உதவி செய்யப்பட்டது.

இதிலிருந்து அவர் இரண்டு விஷயங்களைக் கண்டறிந்தார். கடன் பெற்ற ஏழை, நம்பப்பட்டால், நாணயமாக நடந்துகொள்கிறான் என்பது ஒன்று. பலர் சேர்ந்து வாங்கினால் விலை குறைகிறது என்பது மற்றொன்று. மூன்றாவது விஷயம் ஒன்றும் அதில் இருந்தது. பஞ்சம் நீங்கியதும் ரொட்டிச் சங்கத்திற்கு வேலையில்லை. குடிகளோ பஞ்சத்திற்கு முன் இருந்த கடனிலேயே மீண்டும் கிடந்தனர். இதை அவர் அப்பொழுது முழுதும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

1848-ல் பிளாமர்ஸ்பெல்டு என்னும் தொகுதிக்கு மாற்றப்பட்டார். அங்கே பஞ்சமில்லை, மாட்டுக் கடன் இருந்தது. வியாபாரி பசுவைக் கடனுக்குக் கொடுப்பான். தவணை தவறினால் பசு அவன் கொட்டிலுக்குத் திரும்பும். அதுவரை செலுத்திய பணம் போனது போனதே. உழவும் எருவும் பாலும் மாட்டினால் கிடைப்பன. மாடு போனால் நிலமும் பின்னோடு போகும். 1849-ம் வருஷத்தில் ரெய்பீஸன் வசதியுள்ள அறுபது பேரைச் சேர்த்து, வறிய விவசாயிகளுக்கு உதவும் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார். அவர்கள் தங்கள் சொத்து முழுவதையும் பொறுப்பாக்கி வெளியில் பணம் கடன் வாங்கினர்; அதைக் கொண்டு மாடு வாங்கிக் கொடுத்து, ஐந்து வருஷத் தவணைகளில் வசூலித்தனர். பிறகு ரொக்கக் கடனும் கொடுத்தனர். வையர்புஷில் தானமாயிருந்தது இங்கே கடனாயிற்று. ஒரு பருவத்துக்கு இருந்தது பல வருஷத்துக்கு ஆயிற்று. ஆயினும் கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் மற்றொரு பக்கம் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

1852-ல் ரைன் நதிக்கருகிலுள்ள ஹெட்டஸ்டார்புக்கு மேயராக வந்தார். இங்கே அவருடைய நோக்கம் மிகவும் விரிந்தது. 1854-ல் ஸ்தாபித்த தர்ம சங்கத்தின் வேலைத் திட்டத்தில், கவனிப்பாரற்ற குழந்தைகளை வளர்த்தல், வேலையற்றவருக்கும் சிறையிலிருந்து மீண்டவருக்கும் வேலை தேடித் தருதல், மாடு வாங்க உதவுதல், கடன் கொடுத்தல் ஆகிய யாவும் இடம்பெற்றன. வருஷங்கள் சென்றன. மற்ற வேலைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. கடன் கொடுக்கும் வேலை ஒன்றே நின்றது. அதிலும் பணக்கார அங்கத்தினர்களின் உற்சாகம் தளர்ந்தது. அவர்கள் கடன் வாங்குவதில்லை. பிறர் கடனுக்குத் தங்கள் நிலத்தையும் வீட்டையும் பொறுப்பாக வைத்திருந்தனர். முதல் வருஷத்தில் இரக்கத்தால் கையெழுத்திட்டவர் ஏழாம் வருஷத்தில் அதே இரக்கத்தோடு இருப்பாரென்று எதிர்பார்ப்பது மனித சுபாவத்தை அறியாமையே.

ரெய்பீஸனுக்கு இது மிகுந்த மனவேதனை தந்த விஷயம். செல்வர் வறியவருக்கு உதவ வேண்டுமென்பது அவருக்கு வெறும் நிர்வாக முறையன்று; அவருடைய கிறிஸ்தவ மத நம்பிக்கையோடு பிணைந்த கொள்கை. டெலிட்ஷ் என்னும் ஊரைச் சேர்ந்த ஷுல்ஸெ என்னும் நீதிபதி, கைத்தொழிலாளருக்கும் சிறு வியாபாரிகளுக்கும் 1850 முதல் கடன் சங்கங்கள் அமைத்து வந்தார். கடன் வேண்டுவோரே அங்கத்தினராகித் தங்களுக்குத் தாங்களே உதவிக்கொள்ள வேண்டும் என்பது அவர் முறை. 1862-ல் ரெய்பீஸன் அவருடன் கடிதப் போக்குவரத்து நடத்தினார். அவ்வருஷத்திலேயே அன்ஹௌஸென் கிராமத்தில் கடன் சங்கம் ஒன்று தோன்றிற்று. கடைசியாக 1864-ல் ஹெட்டஸ்டார்பு தர்ம சங்கம் கடன் சங்கமாக மாற்றியமைக்கப்பட்டது. கடன் பெறுபவர் இனி வெளியாளல்லர், அங்கத்தினரே. பொறுப்பும் அவருடையதே, வாக்கும் அவருடையதே. கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் அஸ்திவாரம் இதுவே. இதை ரெய்பீஸன் மகிழ்ச்சியோடு ஏற்றாரென்று சொல்வதற்கில்லை. தயங்கித் தயங்கியே ஏற்றார். தம் அபிப்பிராயத்தைவிடத் தம் கணக்குப் புத்தகம் சொல்லியதை மேலாக மதித்தார் என்பதே அவருடைய பெருமை.

இக்காலத்தில் அவர் குடும்பத்திலும் துன்பம் சூழ்ந்தது. 1863-ல் மனைவி இறந்தார். தாமும் நோயுற்றுக் கண்பார்வை பெரிதும் குன்றி, நாற்பத்தேழாம் வயதில் உத்தியோகத்தை விட நேர்ந்தது. படிக்கவும் எழுதவும் இயலாத அந்நிலையில், மூத்த மகள் அமாலியே உடனிருந்து எழுத, தாம் கண்டவற்றையெல்லாம் சொல்லி வந்தார். அதுவே 1866-ல் வெளிவந்த கடன் சங்கங்களைப் பற்றிய அவருடைய நூல். அந்நூலை முடிந்த முடிபாக அவர் வைத்துக்கொள்ளவில்லை. பின்வந்த பதிப்புகளில், புதிய சங்கங்களின் அநுபவத்தைக் கண்டு மாற்றியும் சேர்த்தும் வந்தார்.

ஷுல்ஸெயிடமிருந்து கற்றாரென்றால், அவர் சொன்ன யாவற்றையும் ஏற்றார் என்று பொருளில்லை. இதையும் பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டும். ஷுல்ஸெயின் சங்கங்கள் பெரும்பாலும் மூன்று மாதத் தவணைக்குக் கடன் கொடுத்தன. பட்டணத்து வியாபாரிக்கு அது போதும். விதைத்து, அறுத்து, விற்றுப் பணம் காண வேண்டிய விவசாயிக்கு மூன்று மாதம் என்ன பயன் தரும்? ரெய்பீஸன் பல வருஷத் தவணையையே வற்புறுத்தினார். ஒருவரையொருவர் அறிந்த சிறிய எல்லைக்குள் சங்கம் இருத்தல், நிர்வாகஸ்தர் ஊதியம் பெறாமை, லாபத்தைப் பங்கிடாது பிரிக்கக்கூடாத சேம நிதியில் சேர்த்தல் ஆகியவற்றிலும் அவர் உறுதியாக நின்றார். 1870-க்குப் பின் இரு கட்சியாருக்கும் கடுமையான விவாதம் மூண்டது. 1872-ல் நாய்வீட் நகரில் கிராமச் சங்கங்களுக்கென்று அவர் நிறுவிய மத்திய பாங்கியும், பின்னர் நிறுவிய பொதுப் பாங்கியும் சட்ட ஆட்சேபத்துக்கு இலக்காயின. 1876-ல் பங்கு மூலதனக் கம்பெனியாக ஒரு மத்திய பாங்கியை அமைக்க நேர்ந்தது. பங்கு முறை அவருக்கு உவப்பானதன்று. ஆயினும் பாங்கியின் உருவத்தை விட்டுக்கொடுத்து, கிராமச் சங்கத்தின் இயல்பை விட்டுக்கொடாமல் காத்தார். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று பகுத்தறிவதும் அநுபவத்தின் பலனே. 1888-ல் அவர் காலமானார்.

இங்கிலாந்திலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலியோர் 1844-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி 28 பவுன் மூலதனத்துடன் திறந்த பண்டசாலையை எல்லாரும் அறிவர். அதே ஊரில், அதே தெருவில், 1833-ல் ஒரு கூட்டுறவுக் கடை திறக்கப்பட்டு, கடனுக்கு விற்றுக் கைப்பொருள் இழந்து, 1835-ல் மூடப்பட்டது என்பதை அறிந்தவர் சிலரே. முந்திய முயற்சியில் ஈடுபட்டிருந்த சார்லஸ் ஹோவர்த் போன்றோர் பிந்திய முயற்சியிலும் இருந்தனர். ரொக்க விற்பனை என்ற விதி ஏதோ புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டதன்று.

தமிழ் நாட்டுக்கு ரெய்பீஸனின் முறை வந்து சேர்ந்த விதமும் இங்கே குறிப்பிடத்தக்கது. அக்காலச் சென்னை ராஜதானி சர்க்கார் விவசாயக் கடன் நிலையை ஆராய்வதற்கு 1892-ல் பிரெடரிக் நிக்கல்ஸன் என்னும் உத்தியோகஸ்தரை நியமித்தனர். அவருடைய அறிக்கை 1895, 1897-ம் வருஷங்களில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. ஐரோப்பியச் சங்கங்களை விரிவாக ஆராய்ந்த பின் அவர் கண்ட முடிவு, உபவிதிகளைத் தேடுவதைவிட ரெய்பீஸனைப் போன்ற மனிதரைத் தேட வேண்டுமென்பதே. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தது. சில வருஷ அநுபவத்தில் அது போதாதென்று கண்டு, மற்ற வகைச் சங்கங்களுக்கும் மத்தியச் சங்கங்களுக்கும் இடமளித்து 1912-ல் வேறு சட்டம் செய்யப்பட்டது. சட்டம் செய்வோரே எட்டு வருஷத்தில் தங்கள் வேலையைத் திரும்பிப் பார்த்துத் திருத்தியிருக்க, கிராமப் பஞ்சாயத்தார் தங்கள் தீர்மானத்தைத் திருத்துவதில் மானக்குறைவு யாதுமில்லை.

இனி, கிராமச் சங்கத்தில் இவ்வாராய்ச்சியை நடத்தும் விதம். அதற்கு ஏற்ற பாடப் புத்தகம் சங்கத்தின் பெட்டியிலேயே இருக்கிறது: வாய்தா தவறிய கடன்களின் பட்டியல். வழக்கமாக இப்பட்டியல் ஆடிட்டருக்காகவோ மேற்பார்வையாளருக்காகவோ தயாரிக்கப்பட்டுப் பின் மூடி வைக்கப்படும். வருஷத்துக்கு ஒருமுறை, வசூல் முடிந்த மாதத்தில், வேறு அலுவல் எதுவும் வைக்காமல் பஞ்சாயத்தார் கூடி அதை ஒவ்வொரு பெயராக வாசித்தல் நலம். கடன் எதற்கென்று கேட்கப்பட்டது, எதற்குச் செலவாயிற்று, ஜாமீன் நின்றவர் யார், மனுவைச் சிபாரிசு செய்த பஞ்சாயத்தார் யார் என்று பார்க்க வேண்டும். இருவர் ஒருவருக்கொருவர் மாறி மாறி ஜாமீன் நின்றிருப்பது பெரும்பாலும் இவ்வாசிப்பில்தான் வெளிப்படும். இருவர் கடனும் ஒரே சமயத்தில் தவறுமாயின், அங்கே ஜாமீன் இருந்தும் இல்லாததே. ஒருவர் பெயரில் வாங்கி மற்றொருவர் அநுபவிக்கும் பினாமிக் கடனும் இவ்வாறே புலப்படும்.

எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுவது வாய்தாத் தேதி. சம்பா நெல் தை மாதத்தில் களத்துக்கு வரும் ஊரில், கார்த்திகையில் வாய்தா வைத்தால் அங்கத்தினர் என் செய்வார்? லேவாதேவிக்காரரிடம் அதிக வட்டிக்கு வாங்கிச் சங்கத்தில் கட்டி, சில நாளில் சங்கத்தில் புதுக் கடன் பெற்று அவருக்குக் கொடுப்பார். சங்கத்தின் புத்தகத்தில் வசூல் பூரணமாக இருக்கும். அக்கிராசனர் பாராட்டப் பெறுவார். அங்கத்தினருடைய கடனோ வருஷந்தோறும் ஏறிக்கொண்டிருக்கும். வாய்தா தவறிய கடனைவிட இவ்விதப் "புத்தக வசூல்" அபாயகரமானது. ஏனெனில் தவறிய கடன் கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரிவதில்லை. கட்டிய தேதியும் புதுக் கடன் பெற்ற தேதியும் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் அடுத்தடுத்து வரும் பெயர்களைத் தனியே குறித்தால் உண்மை வெளிப்படும்.

புத்தகம் சொல்லாததைக் கடன்காரரே சொல்லுவார். ஆனால் சங்கத்துக்கு வரவழைத்துக் கேட்டால் சொல்லமாட்டார். அங்கே அவர் குற்றவாளிபோல் நிற்பார். பஞ்சாயத்தாரில் ஒருவர் அவருடைய வயலுக்கோ வீட்டுத் திண்ணைக்கோ சென்று பேச வேண்டும். "வாய்தாத் தேதிக்கு என் நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது, ஐயா" என்ற ஒரு வார்த்தை அங்கேதான் கிடைக்கும். அவ்வார்த்தையைக் கேட்டுக்கொண்டு மறுமொழி சொல்லாமல் திரும்பி வருவது அக்கிராசனர்களுக்கு எளிதன்று, பயிற்சியால் வரவேண்டியது.

ஆராய்ச்சி செய்தும் தவறான பாடம் கற்பதுண்டு. ஒரு தெருவைச் சேர்ந்த இருவர் கடனைத் தவறவிட்டால், அத்தெருவாருக்கே கடன் கொடுக்கலாகாதென்று சிலர் முடிவு செய்துவிடுகின்றனர். இருவர் தவறியதற்கு இரு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். இரண்டும் தெருவைப் பற்றியனவாக இரா. 1929-க்குப் பின் உலக முழுவதும் விளைபொருள் விலை வீழ்ந்தபோது, தமிழ் ஜில்லாக்களில் நெல் விலையும் சில வருஷங்களில் ஏறக்குறையப் பாதியாயிற்று. நூறு ரூபாய் கடன் வாங்கியவர் அதைத் தீர்க்க இரட்டைப் பங்கு நெல் விற்க வேண்டியதாயிற்று. சங்கங்கள் எங்கும் பாக்கி மலைபோல் குவிந்தது. அதைக் கண்டு "குடிகளுக்கு நாணயம் போய்விட்டது" என்று முடிவு கட்டியவர்கள் ஜப்திக்கு விரைந்தனர். ஜப்தியில் ஏலமான நிலமும் விலை போகவில்லை. காரணம் ஊருக்குள் இருக்கிறதா, ஊருக்கு வெளியே இருக்கிறதா என்பதை முதலில் நிச்சயித்துக்கொண்டு பின்னரே யாரையும் குறைகூற வேண்டும். நல்ல விளைச்சல் வருஷத்துக்கும் இது பொருந்தும். மழையின் புகழைப் பஞ்சாயத்தார் எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷம் அளவுக்கு மீறிக் கடன் வழங்கிய சங்கங்கள் உண்டு.

கண்டறிந்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்தல் அவசியம். "வசூலைத் தீவிரப்படுத்துவதெனத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதுவதால் ஒரு பயனுமில்லை. அது எல்லாப் புத்தகங்களிலும் எல்லா வருஷமும் காணப்படுவது. இன்ன கடனில் இன்ன காரணத்தால் இன்ன பிழை நேர்ந்தது, இனி இன்னவாறு செய்வது என்று எழுத வேண்டும். புதிய பஞ்சாயத்தார் தேர்ந்தெடுக்கப்பட்டவுடன் முதற் கூட்டத்தில் இக்குறிப்புகளை வாசித்து, பழைய காரியதரிசியை உடனிருக்கச் செய்து விளக்கம் கேட்டால், ஒருவர் இருபது வருஷத்தில் கற்றது மற்றவருக்கு ஒரு மாலையில் கிட்டும். பல ஊர்களில் பழைய காரியதரிசி சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். அவரோடு அவ்வளவும் போய்விடுகிறது.

இதில் அங்கத்தினர்களுக்கும் பங்கு உண்டு. பொதுக்கூட்டத்தில் அக்கிராசனர் எழுந்து, "இக்கடன் வாய்தாவை வைத்ததில் பஞ்சாயத்தார் பிழை செய்தனர், வரும் வருஷம் மாசி மாதத்துக்கு மாற்றப்படும்" என்று சொல்லும்போது, எதிர்க் கட்சியார் கைகொட்டி நகைத்து அவரை இறக்க முயன்றால், அடுத்த வருஷம் அவரும் சொல்லமாட்டார், அவருக்குப் பின் வருபவரும் சொல்லமாட்டார். பணத்தைக் கையாடியவரையும் வாய்தாவைத் தவறாகக் கணித்தவரையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. முன்னவரை விலக்க உபவிதியில் வழி உண்டு. பின்னவரிடம் அங்கத்தினர்கள் கேட்க வேண்டியது, சென்ற வருஷம் எழுதிவைத்த குறிப்பில் எத்தனை நிறைவேறிற்று என்பதே. அக்குறிப்பைப் பொதுக்கூட்டத்தில் வாசித்துக் கேட்க அரை மணி நேரமும் செல்லாது.